ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு விரிசல்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தை மாதம் ஒரு காலையில் என் பெரியப்பா இறந்தார். அவர் நெற்றியில் வைப்பதற்காக, என் கேமராவுக்குக் கீழே இருந்த பழைய வெள்ளி ரூபாயை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

2. பெரியம்மா சொன்னபடி அந்தக் காசு அவரோடு குழிக்குள் போனது.

3. ஆனி மாதம், கள்ளக்குறிச்சி வெள்ளிக் கடை ஒன்றிலிருந்து படம் எடுக்க வந்த காசுகளில் ஒன்றைப் பார்த்து, இது பெரியப்பாவின் காசு என்று சொன்னேன்.

4. நான் சொன்னதை வைத்து, குழி வெட்டியவரைத் திருடன் என்றார்கள். அவர் ஊரைவிட்டுப் போனார்.

5. கார்த்திகையில் இன்னொரு காசு வந்தது. அதிலும் அதே அடையாளம் இருந்தது.

6. நான் சொன்னது தப்பு.

ஆறு வரிகளில் எழுதும்போது ஒன்றுக்கு அடுத்து ஒன்று ஒழுங்காக நடந்ததுபோல் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. ஆறாவது வரி மூன்றாவது வரிக்குள்ளேயே இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் படித்தது கருவியியல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கேமரா வழியாக உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. எங்கள் ஊருக்குச் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பழைய காசு சேர்ப்பவர்கள் கள்ளக்குறிச்சியில் சிலர் இருக்கிறார்கள், இணையத்தில் இன்னும் நிறையப் பேர். அவர்களுடைய காசுகளை மிக நெருக்கத்தில் படம் எடுத்து, எந்த அச்சில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை.

இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து அடித்தால் அது காசு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரூபாய்கள் வேறு வேறு அச்சில் பிறந்திருக்கலாம். ஒன்றில் எழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும், இன்னொன்றில் ஒரு பூவிதழ் கூடுதலாக இருக்கும். விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயில் 1862 என்று இருக்கும். அதே எண்ணோடு அதற்குப் பிறகும் பல வருடங்கள் அடித்தார்கள். உண்மையில் எந்த வருடம் என்பதை, எண்ணுக்கு மேலும் கீழும் இருக்கும் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். வெறும் கண்ணுக்கு அவை தூசிபோல் இருக்கும்.

அடிக்க அடிக்க அச்சு களைத்துப்போகும், எஃகில் விரிசல் விழும். அடுத்த அடியில் வெள்ளி அந்த விரிசலுக்குள் புகுந்து, காசின்மேல் மெல்லிய மேடாக நிற்கும். கீறல் என்றால் பள்ளம், அச்சு விரிசல் என்றால் மேடு. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்.

பெரியப்பாவின் காசில் அப்படி ஒரு விரிசல் இருந்தது. ராணியின் கிரீடத்துக்குப் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, குயின் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைத் தொட்டு நின்றது. எண்ணுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். பீரோவில் பட்டுத்துணியில் முடிந்து வைத்திருந்த காசை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கணினித் திரையில் விரிசலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னாடி இது, ராணிக்கு மண்ட வெடிச்சிருக்குது?"

"அச்சு வெடிச்சிருக்கு பெரியப்பா."

"எது வெடிச்சா இன்னா. நம்ம ஊரையெல்லாம் மேய்க்கணும்னா வெடிக்காம இன்னா பண்ணும்? பெரியம்மாளக் கேளு, ஒரு வூட்டக் கட்டி மேய்க்கறதுக்கே தெனம் தல வலிக்குதாம்."

அன்று ஐந்து படங்கள் எடுத்தேன். விரிசல், புள்ளிகள், கண், கிரீடம், எழுத்து. முழுக் காசையும் விளிம்பையும் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடையாளம் இருக்கும் இடத்தை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு எடுப்பது என் பழக்கம். காசு கேமரா ஸ்டாண்டின் கீழேயே கிடந்தது.

மறுநாள் காலை போர்செட்டுக் கொட்டகையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். நான் போய் நின்றபோது பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். "அந்த வெள்ளிக் காசு எங்க? அவரு காசு. அதத்தான் வைக்கணும்."

பழைய காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், துடைக்கவே கூடாது. நான் விளிம்பில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா அதை மஞ்சள் தண்ணீரில் முக்கி, முந்தானையால் அழுத்தித் துடைத்தார். நூற்றைம்பது வருடம் ஏறிய நிறம் போய்விட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பெரியப்பா இறந்துபோனார் என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது. சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வைத்து, அதன்மேல் காசை அழுத்தினார்கள். ராணியின் முகம் மேலே தெரிந்தது.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆகவே குழியருகே நடந்தது அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். நெற்றிக் காசு குழி வெட்டுகிறவருக்குச் சேர்வது வழக்கம். மண் தள்ளுவதற்கு முன்னால் அவர் அதை எடுத்துக்கொள்வார், யாரும் கேட்க மாட்டார்கள். அன்று அவர் கையை நீட்டியபோது அண்ணன், "அம்மா இத வுட்டுறச் சொன்னாங்க, அவரோடவே போவட்டும்" என்றாராம். அவர் "சரிங்க" என்று கையை இழுத்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னால் சரியாக வேலை செய்ய முடியவில்லை. காசுகளைக் கறுப்பு வெல்வெட்டுத் துணிமேல் வைத்துப் படம் எடுப்பது வழக்கம். எந்தக் காசை வைத்தாலும் அதன் கீழே ஒரு நெற்றி இருப்பதுபோல் இருந்தது. துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் வைத்தேன், அது இன்னும் மோசம். பிறகு சாம்பல் நிற அட்டைக்கு மாறினேன். விளக்கின் சூட்டில் வெள்ளி மெல்லச் சூடாகும். படம் எடுத்து முடித்துக் காசை எடுக்கும்போது விரலில் அந்தச் சூடு படும். மனிதர்கள் தொட்டு வைத்த சூடுபோல இருக்கும். கையுறை போட்டுக்கொண்டேன்.

அந்த ஐந்து படங்களும் கணினியில் இருந்தன. காசு மண்ணுக்குள் இருந்தது. விரிசல் படத்தை நான் அடிக்கடி திறந்து பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனி மாதம் கள்ளக்குறிச்சி வெள்ளிக் கடைக்காரர் ஒரு டப்பாவில் பதினான்கு ராணி ரூபாய்கள் கொடுத்தனுப்பினார். உருக்கும் முன்பு அபூர்வமானது ஏதாவது இருந்தால் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். ஏழாவது காசை லென்ஸின் கீழே வைத்துக் கூர்மை சரிசெய்தேன். கிரீடத்தின் பின்னாலிருந்து ஒரு மேடான கோடு கிளம்பி எழுத்தைத் தொட்டது. காசைத் திருப்பினேன், எண்ணுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் தங்கியிருந்தது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பழைய விரிசல் படத்தைத் திறந்து, புதிய படத்தைப் பாதி ஊடுருவித் தெரியும்படி அதன்மேல் வைத்து நகர்த்தினேன். கோட்டின்மேல் கோடு விழுந்தது. கொஞ்சமும் பிசகவில்லை. வெளியே நல்ல வெயில், அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் போனது திரும்பி வந்து என் மேஜைமேல், அதே விளக்கின் கீழே, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, இங்க வா. பெரியப்பா காசு."

அம்மா பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் பெரியம்மாவும் அண்ணனும் என் அறையில் நின்றார்கள். பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை. காசை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

அண்ணன் கேட்டார். "நிச்சயமாதானா?"

"தொண்ணூத்தொம்போது சதவீதம்."

இந்த எண்ணை நான் எங்கிருந்தும் கணக்கிடவில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தால் மேலாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லியிருப்பார். இங்கே என்னை யாரும் கேட்கவில்லை. படித்த பெண், திரையில் காட்டுகிறாள், கோட்டின்மேல் கோடு விழுகிறது.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "யார் யாரோ வந்து போடறாங்கம்மா. எல்லாம் ஒண்ணா கலந்து கெடக்குது. எது யாருதுன்னு இன்னா தெரியும்?" என்றார். அண்ணன் சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரியப்பாவின் மேடு ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அது போதுமானதாக இருந்தது. முதல் மழைக்குப் புதுக் குழி எல்லாமே இறங்கும் என்பது அன்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை குழி வெட்டியவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குழி வெட்டுவது எப்போதாவதுதான். மற்ற நாளில் கரும்பு வெட்டப் போவார், எங்கள் நிலத்திலும் தண்ணீர் கட்டுவார். அவர் மனைவி களை எடுக்க வருவார். அவரை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளும் 'வா, போ' என்றுதான் பேசுவார்கள். நான் அப்படிப் பேசியதில்லை. மரியாதையாகக் கூப்பிட்டதும் இல்லை. கூப்பிடாமலே பேசிப் பழகியிருந்தேன்.

அவர் வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றார். அண்ணன் காசைக் காட்டினார்.

"யோவ், இது எப்பிடி கடைக்குப் போச்சி?"

"எது?"

"எங்கப்பா நெத்தியில வெச்சது."

அவர் காசைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அது குழியில இருக்குதுங்க."

"குழியில இருக்கறது எப்பிடிய்யா இங்க இருக்கும்?"

"அப்ப இது வேறங்க."

"என் தங்கச்சி மிஷின்ல போட்டுப் பாத்துட்டா. அதேதான்."

அவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் நடைக்கதவின் பின்னால் நின்றிருந்தேன். பிறகு பெரியம்மாவிடம் சொன்னார்.

"பெரிவூட்டம்மா, அது எனக்குச் சேர வேண்டிய காசு. வேணும்னா அன்னிக்கே கேட்டு வாங்கினு போயிருப்பேன். நீங்க வுடச் சொன்னீங்க, வுட்டேன். பொணத்த தோண்டித்தான் எடுக்கணுமா நானு?"

"அப்ப இந்தக் காசுக்கு றெக்க மொளச்சிதா?" என்றார் பெரியம்மா.

தெருவில் யாரோ சிரித்தார்கள். அதுதான் முடிவு. இனி எங்கள் தெருச் சாவுக்கு அவர் வரக் கூடாது என்றார்கள். நிலத்து வேலைக்கும் கூப்பிடவில்லை, அவர் மனைவியையும் கூப்பிடவில்லை. செத்தவன் நெற்றியில் கை வைத்தவன் என்ற பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் போனது. ஒரு மாதத்துக்குள் அவர் ஊரில் இல்லை.

கார்த்திகையில், வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவர் கூரியரில் மூன்று காசுகள் அனுப்பியிருந்தார். பல வருடங்களுக்கு முன்பே அவர் சேர்ப்பில் வந்தவை, கூடவே பழைய உறைகளும் இருந்தன. இரண்டாவது காசில் கூர்மையைச் சரிசெய்யும்போது திரையில் அந்தக் கோடு வந்தது. கிரீடத்தின் பின்னாலிருந்து எழுத்துக்கு.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். பெரியப்பா காசு மறுபடியும் வந்துவிட்டது என்று தோன்றியது. பெரியம்மாவின் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டியது எப்படிக் கூரியரில் வந்தது என்று தோன்றியது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். காசு என்னைப் பின்தொடர்கிறது என்று, இத்தனை படித்தவள், ஒரு முழு நிமிடம் நம்பினேன்.

பிறகு கோட்டைப் பார்த்தேன். இதில் விரிசல் எழுத்தோடு நிற்கவில்லை. எழுத்தைத் தாண்டி விளிம்பு வரை ஓடியிருந்தது. அதே அச்சு, இன்னும் கொஞ்சம் உடைந்த பிறகு அடித்தது.

தொழிற்சாலையில் ஒரு வார்ப்பு அச்சில் எட்டுக் குழிகள் இருக்கும், ஒரே வார்ப்பில் எட்டுப் பாகங்கள் வரும். மூன்றாம் குழியில் ஒரு பிசிறு இருந்தால், மூன்றாம் குழியில் வந்த ஒவ்வொரு பாகத்திலும் அதே பிசிறு அதே இடத்தில் இருக்கும். நாள் முழுக்க நான் பார்த்தது அதைத்தான். பிசிறை வைத்து எந்தக் குழியில் பிறந்தது என்று சொல்லலாம். எந்தப் பாகம் என்று சொல்ல முடியாது. விரிசல் அச்சுக்குச் சொந்தம். அந்த அச்சில் விரிசல் விழுந்த பிறகு அடித்த ஆயிரமாயிரம் காசுகளிலும் அது இருக்கும். கோட்டின்மேல் கோடு விழாவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு தனிக் காசை அடையாளம் காட்டுவது, அது மனிதர் கைக்கு வந்த பிறகு விழுந்த கீறலும் நசுங்கலும்தான். அதை நான் பார்க்கவே இல்லை. மஞ்சளா? வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் வைக்காத வெள்ளிக் காசு எந்த வீட்டில் இருக்கிறது?

அன்று மதியமே பழைய படங்களை எடுத்து ஒரு சதுரம் விடாமல் தேடினேன். எனக்கு வேண்டியது இதுதான்: பெரியப்பா காசில் இருக்கிற, கடைக் காசில் இல்லாத ஒரே ஒரு கீறல். விழுந்த கீறல் மறையாது. அப்படி ஒன்று இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று முடிந்துவிடும். கடைக் காசில், விரிசலுக்குக் குறுக்கே ஒரு கீறல் இருந்தது. பெரியப்பா காசில் அது இல்லை. ஆனால் கீறல் பிறகு விழுந்திருக்கலாமே, அதனால் அது உதவவில்லை. பெரியப்பா காசின் ஐந்து படங்களிலும் கீறலே இல்லை. கன்னம், கழுத்து, விளிம்பு, எதையும் நான் எடுக்கவில்லை. அவற்றை எடுக்க வேண்டிய காலையில்தான் அவர் இறந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "இப்ப போய் இன்னான்னு சொல்லுவ?" என்றார்.

மார்கழியில் குழி வெட்டியவரின் மனைவியைத் தேடிப் போய் அவர் எங்கே என்று கேட்டேன். "மலையில ரோட்டுக்குச் சொவரு கட்டுறாங்க, அங்க மண்ணு வெட்டுறாரு. அந்த வேலைதான அவருக்குத் தெரியும், உங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கள்ளக்குறிச்சியில் காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன். வெள்ளிமலைக்கு முந்தின வளைவில் தடுப்புச் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. நான் இறங்கியதும் அவர் பார்த்துவிட்டார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணா, உங்களாண்ட கொஞ்சம் பேசணும்."

"இன்னாம்மா, மலை ஏறினதும் அண்ணனாயிட்டனா? கீழ எறங்குறப்ப இன்னாவா ஆவேன்?"

கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஒரு கல்மேல் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். போனில் மூன்று காசுகளின் படத்தையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார்.

"மூணும் வேற வேறயா?"

"மூணாவது கட்டாயம் வேற. மொதல் ரெண்டும் வேறயா இருக்கலாம்."

"எனக்கு மூணும் ஒண்ணாதான் தெரியுது."

"எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிது."

"நான் படிக்கல. நீ படிச்சிட்டும் அப்பிடித்தான் தெரிஞ்சிதா?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "செரி. இப்ப ஊர்ல இன்னா சொல்லப் போற?"

"நீங்க எடுத்தீங்கன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்றேன். அதே காசான்னு எனக்குத் தெரியலன்னு சொல்றேன்."

"தெரியலன்னு சொல்றதும் எடுக்கலன்னு சொல்றதும் ஒண்ணாம்மா?"

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"அன்னிக்கு மட்டும் தொண்ணூத்தொம்போதுன்னு சொன்னியாமே. இன்னிக்குத் தெரியலயா?" கோபமாகச் சொல்லவில்லை, விலை கேட்பதுபோல் சொன்னார். "ஒண்ணு பண்ணு. குழியத் தொறக்கச் சொல்லு. நானே வந்து தொறக்கறேன். தல எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். தலைமாட்டுல ஒரு முழம் எடுத்தா போதும். அங்க இருக்கும். ஊரே நின்னு பாக்கட்டும்."

"பெரியம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"தெரியும்." எழுந்துகொண்டார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். "துணியப் போட்டு மூடறப்ப காசு சரிஞ்சி அவரு கண்ணு மேல வுழுந்துடிச்சி. நாந்தான் எடுத்து, திரும்ப நெத்தியில வெச்சி, சந்தனத்த அழுத்தி வுட்டேன். அப்ப அது என் கையிலதான் இருந்திச்சி. உங்கண்ணன் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. கேளு."

இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பெரியப்பாவின் கண் தெரிந்தது, அதன்மேல் வெள்ளி. நான் ஐந்தே ஐந்து இடங்களைத்தான் நெருக்கத்தில் பார்த்தேன். அந்தக் காசின் கடைசி இடத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

தையில் பெரியப்பாவுக்கு முதல் வருடத் திவசம். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு தெரு ஆட்கள் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நான் நடுவில் போய் நின்று சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அச்சு, விரிசல், மூன்று காசு, நான் எடுக்காமல் விட்ட படங்கள். பாதியில் யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்து தாளை மடித்துவிட்டேன்.

"நான் சொன்னது தப்பு. அது பெரியப்பா காசுன்னு சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்ல. அவரு மேல பழி போட்டது நான்தான்."

"அப்ப அவன் எடுக்கலன்றியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மஞ்சப் பூசுன காசு வேற எப்பிடிக் கடைக்கு வரும்?" என்றது இன்னொரு குரல்.

"வருசம் ஒண்ணு ஓடிப்போச்சி, இப்ப வந்து கதா காலட்சேபம் பண்ணுது பாரு."

நான் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். "காசு சரிஞ்சி கண்ணு மேல வுழுந்துதா? அவருதான் எடுத்து வெச்சாரா?"

அண்ணன் வாயில் வெற்றிலையை வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு எழுந்து ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஆமா. வுழுந்துது. அவருதான் வெச்சாரு." முதல்முறையாக அவரை 'அவரு' என்றார். "எனக்குக் கை வரல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கினேன்."

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்றார் பெரியம்மா.

"மறந்துட்டேன். மறக்கணும்னுதான மறந்தேன்."

குழியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஒரு வருசமா வூட்டையே சுத்திக்கினு இருந்தாரு. இன்னிக்குத்தான் சோறு போட்டு அனுப்பி வெச்சேன். போனவரத் திரும்பக் கூப்புடணுமா உனக்கு, படம் புடிக்கறதுக்கு?"

பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இன்றைய நிலை இது. குழி திறக்கப்படவில்லை, இனித் திறக்கப்போவதும் இல்லை. கடைக் காசு பெரியம்மாவின் பூஜை அலமாரியில் இருக்கிறது. அதை அவர் வெளியே எடுப்பதில்லை, திருப்பிக் கொடுக்கவும் சம்மதிக்கவில்லை. அண்ணன் ஒருமுறை மலைக்குப் போய் அவரைக் கூப்பிட்டார். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார், வரவில்லை. அவர் மனைவி வேறு ஊருக்குக் களையெடுக்கப் போகிறார். பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பொக்லைன் வைத்துக் குழி எடுத்தார்கள். நான் இப்போது எந்தக் காசு வந்தாலும் முதலில் முழுக் காசையும் விளிம்பையும் எடுத்துவிட்டுத்தான் அடையாளத்துக்கு வருகிறேன். அதே விரிசல் உள்ள நான்காவது காசு ஒன்றின் படம் சென்ற வாரம் கிடைத்தது. தெருவில் பாதிப் பேர் இன்னும் அவரைத் திருடன் என்கிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால், என் படங்களை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று முதலில் சொல்கிறேன். பிறகு, அவர் எடுக்கவில்லை என்று சொல்கிறேன்.